அந்தப் பக்கம் ஆள் இருக்கா?

"என் கட்டையைக் குடுங்க வாத்தியாரே."

"தர மாட்டேன்."

"அது என் கட்டை. ஒன்பது வருசமா நான் போடுற கட்டை."

"நேத்து போட்டியா?"

தியாகசுந்தரம் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டான்.

தேரடியில் அவர்கள் இருவரும் நின்றிருந்தார்கள். தேரோட்டத்துக்கு இன்னும் மூன்று நாள். மேலே மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு இவர்களையே வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த ஊர்த் தேருக்கு பிரேக் கிடையாது. வடம் பிடித்து இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள். நிறுத்துவதற்கு எட்டே பேர். உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, புளியமரத்தில் செதுக்கிய முட்டுக்கட்டையை அடியில் செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மூச்சு பிந்தினால் கை போய்விடும். முந்தினால் கட்டை தெறித்துவிடும்.

அந்த எட்டுப் பேருக்கும் தலைவன் வைரக்கண்ணு. தியாகசுந்தரத்தைவிட ஐந்து வயது சின்னவன்தான். ஆனாலும் கட்டை போடக் கற்றுக்கொடுத்தவன் என்பதால் வாத்தியார். மற்ற நாளில் கடைவீதியில் வெல்டிங் பட்டறை. அப்போது தியாகசுந்தரத்தை "அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். தேர் வேலை தொடங்கிவிட்டால் அண்ணனும் இல்லை, மாமனும் இல்லை. எல்லாரும் "யோவ்"தான்.

அவன் கோபம் ஊரறிந்தது. புதன்கிழமைதோறும் பட்டறையைப் பூட்டிவிட்டு எங்கேயோ போவான். எங்கே என்று கேட்டவன் வசவு வாங்காமல் வீடு திரும்பியதில்லை.

தேர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒரு வழக்கம் உண்டு. விசில் ஊதுவதற்கு முன்னால் வைரக்கண்ணு தான் நிற்கும் சக்கரத்தருகே இருந்து கத்துவான்: "அந்தப் பக்கம் ஆள் இருக்கா?"

மறுபக்கத்திலிருந்து "இருக்கு!" என்று பதில் வரவேண்டும். வராமல் தேர் ஒரு அடி நகராது.

முந்தின நாள் வெள்ளோட்டம். சாமி ஏறாமல் வெறுந்தேரை இழுத்துப் பார்ப்பது. வைரக்கண்ணு இடது சக்கரத்தில் நின்று கேட்டான். வலது சக்கரத்திலிருந்து தியாகசுந்தரம் "இருக்கு!" என்றான்.

கட்டை அவன் முழங்காலில் சாய்ந்திருந்தது. கையில் போன் இருந்தது. கண் போனில் இருந்தது.

நிறுத்தச் சொல்லி விசில் வந்தபோது அவன் கட்டை இரண்டு மூச்சு பிந்தியது. பக்கத்தில் நின்ற சாமிக்கண்ணு பாய்ந்து வந்து தன் கட்டையைப் போட்டான். சக்கரம் நின்றது. சாமிக்கண்ணுவின் கால் பெருவிரல் நுனி அதன் அடியில் இருந்தது.

"ஆறு தையல்" என்றான் வைரக்கண்ணு. "இன்னும் கேக்கறான் அவன், அண்ணனுக்கு என்ன ஆச்சு, மயக்கமா, வெயிலாங்கறான்."

"ஒரே ஒரு ஆட்டம். முடியிற நேரம் வாத்தியாரே."

"நீ 'இருக்கு'ன்னியே யோவ்! நீ இருந்தியா அங்க?"

தியாகசுந்தரத்துக்கும் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்கு வருகிற கோபம் தப்பு செய்யாதவனுக்கு வராது. அவன் குரலை உயர்த்தினான்.

"நான் ஒண்ணும் கண்ணுமண்ணு தெரியாம ஆடறவன் இல்ல. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்னு வரம்பு வச்சுருக்கேன். அந்த ஆட்டத்துலயே அதுக்கு வசதி இருக்கு. கீழ எழுதியே போட்டிருக்கான், பொறுப்புடன் விளையாடவும்னு."

"எழுதிப் போட்டிருக்கானா?"

"ஆமா."

"நேத்து வரம்பு என்ன ஆச்சு?"

"முடிஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"கொஞ்சம் கூட்டி வச்சேன்."

"யாரு கூட்டுனது?"

"நான்தான்."

வைரக்கண்ணு சட்டைப் பையில் கை விட்டான். பட்டறையில் இரும்பில் கோடு போடுகிற சாக்பீஸ் ஒன்று கிடைத்தது. தேரின் வலது சக்கரத்தருகே போனான். ஆள் உயரச் சக்கரம். அதில் கொட்டை கொட்டையாக எழுதினான்.

பொறுப்புடன் உருளவும்.

"டேய்!" என்று மேலே பார்த்துக் கத்தினான். "கட்டையெல்லாம் எடுத்துக் கொட்டகையில போட்டுப் பூட்டுங்கடா. இனிமே வேணாம். எழுதியாச்சு!"

மூங்கில்காரர்கள் சிரித்தார்கள். ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். தியாகசுந்தரத்துக்குக் காது மடல் சுட்டது.

"ஏன் இப்படி அசிங்கப்படுத்தறீங்க?"

"வடத்தைப் பிடி" என்றான் வைரக்கண்ணு.

"என்ன?"

"தேரன்னைக்கு நீ வடத்தைப் பிடி. வடத்தைப் பிடிச்சுக்கிட்டே ஒரே ஒரு தடவை தேரை நிறுத்து. உன் கட்டையை உன் கையில குடுத்துடறேன்."

அவ்வளவுதான். போய்விட்டான்.

சக்கரத்தில் எழுதியதை யாரும் அழிக்கவில்லை. அந்த வாசகத்தை முதன்முதலில் எழுதி, உலகத்திலுள்ள எல்லாப் போனுக்கும் அனுப்பிவைத்த மகராசன் எவனோ, அவன் வீட்டில் ஒருவனும் அந்த ஆட்டத்தை ஆடுவதில்லை. அதை மட்டும் அடித்துச் சொல்லலாம்.

வீட்டில் லோகாம்பாள் வேட்டிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அவளுக்குச் சமையல் வேலை. ஒருமுறை கொதிக்கிற சாம்பார் கொட்டி வலது பாதத்தில் இலை அளவுக்குத் தழும்பு. வருடா வருடம் தேரன்று அதே பாதத்தோடு மேலவீதி முனையில் மூன்று மணி நேரம் நிற்பாள். சாமி பார்க்க இல்லை. புருசன் கட்டை போடுவதைப் பார்க்க.

"இந்தத் தடவை அக்காவும் வருது. வலது சக்கரத்தைப் பாருன்னு சொல்லிவச்சிருக்கேன்" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கட்டையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் எப்போதிருந்து என்று கேட்பாள்.

"வயிறு சரியில்ல" என்றான். போனை இடுப்பில் செருகிக்கொண்டு கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

தை மாதத்தில் அவன் சீட்டாட்டத்தைப் போனிலிருந்து அழித்தான். வைரக்கண்ணுவின் பட்டறையில் சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்துவிட்டுத்தான் அழித்தான். சீட்டு போனது. பத்தே நாளில் கிரிக்கெட் வந்தது. பந்துக்குப் பந்து பணம் கட்டிக்கொண்டே, அந்த மாதம் முழுக்கத் தன்னை ஜெயித்தவனாக நினைத்துக்கொண்டிருந்தான். பங்குனியில் சீட்டும் திரும்பி வந்து சேர்ந்துகொண்டது.

அரை மணி நேரம் கழித்து அவன் வெளியே வந்தபோது லோகாம்பாள் ஒரு தம்ளரோடு நின்றாள்.

"ஓமத்தண்ணி. குடிங்க. தேர் வர்ற நேரத்துல இப்படி வயித்தைக் கெடுத்துக்கிட்டா எப்படி?"

அவன் வாங்கிக் குடித்தான்.

தேரன்று காலையில் கஞ்சி போட்ட வேட்டி மொடமொடவென்று நின்றது. லோகாம்பாள் முன்னால் அதைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். தேரடிக்குப் போய்க் கூட்டத்துக்குள் புகுந்து வடத்தைப் பிடித்தான்.

வலது சக்கரத்தருகே வைரக்கண்ணுவே நின்றான். தியாகசுந்தரத்தின் கட்டை அவன் தோளில் இருந்தது.

தியாகசுந்தரம் அதைப் பார்த்தான். நிறுத்திக் காட்டுகிறேன் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

"அந்தப் பக்கம் ஆள் இருக்கா?"

"இருக்கு!"

விசில்.

வடம் விறைத்தது. தேர் ஒருமுறை முனகியது. பிறகு நகர்ந்தது.

ஒன்பது வருடமாக அவன் தேரைச் சக்கரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தவன். வடத்தில் நிற்பது வேறு என்று அவனுக்குத் தெரியாது. முன்னால் இழுக்கிறவன் முதுகு தெரிகிறது. பின்னால் வருகிறவன் மூச்சு கழுத்தில் படுகிறது. தேரைப் பார்க்க முடியாது. அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பதும் தெரியாது. கை தானாக இழுக்கிறது. நல்லாத்தான் இருக்கிறது அது. அதுதான் கொடுமை.

தெற்குவீதி பாதியில் அவன் முதல் தடவை முயன்றான். இழுப்பதை நிறுத்திவிட்டுக் குதிகாலை ஊன்றினான்.

பின்னால் வந்தவன் அவன் முதுகில் மோதினான். "யோவ், சாவுகிராக்கி, நடய்யா!"

நடந்தான்.

மாரியம்மன் கோயில் தாண்டி மறுபடி முயன்றான். இந்த முறை வடத்தைப் பின்பக்கமாக இழுத்தான். வடம் அவன் உள்ளங்கையைச் சீவிக்கொண்டு முன்னே போனது. பக்கத்தில் இருந்தவன் ஏதோ கேட்டான். மேளத்தில் கேட்கவில்லை.

மேலவீதி முனை வந்தது.

லோகாம்பாள் நின்றாள். பக்கத்தில் அவள் அக்கா. லோகாம்பாள் கையை நீட்டி வலது சக்கரத்தைக் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றது.

அங்கே வேறு ஆள்.

அவள் கண் தேடத் தொடங்கியது. சக்கரம், சக்கரத்துக்குப் பின்னால், தண்ணீர் கொடுக்கிறவர்கள், போலீஸ்காரர்கள். கடைசியில் வடத்துக்கு வந்தது. அவனைக் கண்டுபிடித்தது.

நிற்க வேண்டும் என்று அவன் இவ்வளவு காலத்தில் எதற்காகவும் இப்படி ஆசைப்பட்டதில்லை. இந்த இடத்தில், அவள் முன்னால், ஒரு நிமிடம். குதிகாலை ஊன்றினான். முழங்காலை மடக்கினான். "நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

ஆயிரம் பேரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவன் கால் தரையில் இழுபட்டது. அவள் முகத்தைக் கடந்து அவனைக் கொண்டுபோனார்கள். அவனும் ஒரு கையால் இழுத்துக்கொண்டே போனான்.

விசில் கேட்டது. இரண்டு பக்கமும் கட்டை விழுந்தது. தேர் நின்றது.

தியாகசுந்தரம் வடத்தை உதறினான். கூட்டத்தை இடித்துக்கொண்டு வலது சக்கரத்துக்கு வந்தான். உள்ளங்கை இரண்டிலும் ரத்தம்.

"முடியாது!" என்றான்.

"என்ன முடியாது?"

"வடத்தைப் பிடிச்சவன் தேரை நிறுத்த முடியாது. உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்ன. ஊரு முன்னாடி, என் பொண்டாட்டி முன்னாடி என்னைக் கேவலப்படுத்தத்தான் சொன்ன!"

வாத்தியாரை அவன் நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வைரக்கண்ணு அதைக் கண்டுகொள்ளவில்லை.

"தெரியும்" என்றான்.

தியாகசுந்தரம் இடுப்பிலிருந்து போனை உருவினான். வைரக்கண்ணுவின் மார்பில் வைத்து அழுத்தினான்.

"இந்தா. வச்சுக்க. ஒடை. குளத்துல போடு, கம்மாயில போடு, எங்கயாவது போடு. என்னால ஆகல. நீ போடு எனக்குக் கட்டை!"

"உன் போனை வச்சு நான் என்ன பண்றது, வெல்டிங்கா?"

அவன் போனைத் தொடவில்லை. சக்கரத்துப் பக்கம் திரும்பினான். வீதி முனை அது. தேர் வலது பக்கம் திரும்பி வடக்கே போகவேண்டும். வைரக்கண்ணு இடது பக்கத்துக் கட்டையை எடுக்கச் சொல்லிக் கை காட்டினான். வலது சக்கரத்துக் கட்டையை மட்டும் சாய்த்து வைத்து மிதித்தான்.

"அந்தப் பக்கம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு!"

விசில். வடம் விறைத்தது. வலது சக்கரம் கட்டையில் முட்டிக்கொண்டு அரைத்தது. இடது சக்கரம் உருண்டது. தேர் மெல்ல, முனகிக்கொண்டே, முகத்தைத் திருப்பியது.

மறுபடி விசில். இரண்டு பக்கமும் கட்டை.

"நான் ஒரு பக்கம் கட்டை போட்டேன்ல?" என்றான் வைரக்கண்ணு.

"போட்டீங்க."

"நின்னுச்சா?"

தியாகசுந்தரம் தேரைப் பார்த்தான். ஒன்பது வருடமாக ஒவ்வொரு முனையிலும் அவனே செய்த வேலை அது.

"திரும்புச்சு."

"தை மாசம் சூடம் ஏத்தி சீட்டை விட்டியே. அது நின்னுச்சா?"

போனைப் பிடித்திருந்த தியாகசுந்தரத்தின் கை கீழே இறங்கியது.

வைரக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துவிட்டுத் துண்டை உடனே எடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்து பேசினான்.

"ஒரு பக்கம் நான் நிக்கறேன். புதன்கிழமை காலைல ஒன்பது மணி. பெரியாஸ்பத்திரி, மாடியில கடைசி ரூம். டாக்டரம்மா இருப்பாங்க. நம்மள மாதிரி ஒரு பத்துப் பேரு இருப்பாங்க."

"நம்மள மாதிரியா?"

"ஏழு வருசமாச்சு அண்ணே. இன்னும் போறேன்."

தேர் வேலையின் நடுவில் அவன் அண்ணே என்றதை அதுவரை யாரும் கேட்டதில்லை. தியாகசுந்தரம் அவனையே பார்த்தான். பூட்டிய பட்டறை. புதன்கிழமைகள். கேட்டவனுக்கெல்லாம் விழுந்த வசவு.

அதற்குள் துண்டு தோளுக்குப் போய்விட்டது. பழைய குரல் வந்துவிட்டது.

"என்னய்யா முழிக்கற? நான் ஒரு பக்கம்தான். அந்தப் பக்கம் யாரு?"

தியாகசுந்தரம் தன்னையறியாமல் குனிந்தான். தேருக்கு அடியில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. அங்கே நிறையக் கால்கள். அதில் ஒரு பாதத்தில் இலை அளவுக்குத் தழும்பு.

அவன் தேரைச் சுற்றிக்கொண்டு போனான்.

லோகாம்பாள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முனையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். அக்காவை எங்கோ விட்டுவிட்டாள்.

"உங்க கட்டை எங்க?"

தோள் வலி என்று சொல்லலாம். வாத்தியாருக்கும் எனக்கும் சண்டை என்று சொல்லலாம். பொய்கள் வரிசையாக, சலவை செய்த துணி மாதிரி, மடித்துத் தயாராக இருந்தன.

"பிடுங்கிட்டாங்க" என்றான். "சாமிக்கண்ணு விரல் நசுங்குனது என்னாலதான். கட்டை போடற நேரத்துல போன்ல ஆடிக்கிட்டிருந்தேன். காசு வச்சு ஆடறது. ரெண்டு வருசமா ஆடறேன். நிறுத்திப் பாத்துட்டேன். முடியல லோகா."

அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. அடகுக்குப் போய்த் திரும்பாத தோடு, கேட்டால் எரிந்து விழுந்த நாட்கள், தாழ்ப்பாள் போட்ட கதவு.

"வயித்துவலின்னீங்களே" என்றாள்.

அவன் தலையாட்டினான்.

"ரெண்டு வருசமா ஓமத்தண்ணி போட்டுக் குடுத்தேன்! எதையோ தின்னு குடல் புண்ணாயிடுச்சோ, கெட்ட வியாதியோன்னு ராவெல்லாம் அழுதேன்! ஓமத்தண்ணியக் குடிச்சீங்களே, குடிக்கறப்பகூட வாய் கூசலையா உங்களுக்கு?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவனுக்கும் இல்லை என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

போனை நீட்டினான். அந்த நேரம் பார்த்து அது கையில் அதிர்ந்தது. திருவிழாச் சலுகை என்று ஏதோ மின்னியது. அவள் அதைப் பார்த்தாள். பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றான் அவன். "தனியா அனுப்புனா பாதி வழியில திரும்பிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். வாத்தியார் ஒரு பக்கம் நிக்கறேங்கறாரு. ஒரு பக்கம் மட்டும் போதாது."

லோகாம்பாளின் கண்ணில் தண்ணீர் நின்றது. உதடு கோபத்தில் துடித்தது.

மேளம் ஓய்ந்தது. தேர் மறுபடி கிளம்பும் நேரம். அந்தப் பக்கமிருந்து, மரச்சிற்பங்களையும் தோரணங்களையும் தாண்டி, வைரக்கண்ணுவின் குரல் வந்தது.

"அந்தப் பக்கம் ஆள் இருக்கா?"

இடது சக்கரத்துக்காரன் பதில் சொல்ல வாயெடுத்தான்.

அவனுக்கு முன்னால் லோகாம்பாள் கத்தினாள். வயிற்றிலிருந்து, அத்தனை ஆத்திரத்தோடு, வீதி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி.

"இருக்கு!"